மடிக்கணினியும் இலவசக் கல்வியும்

1945இல் உருவான இலவசக் கல்வித் திட்டம் பல்கலைக்கழக வாயில்வரை கட்டணத்தை ஒழித்தது. அவ்வாயிலிலே இன்று புதிய கட்டணமொன்று காத்து நிற்கின்றது. உறுப்புகளைத் தெரிந்தெடுத்துச் சொல்லிச் செய்விக்கும் மடிக்கணினியே அது. விரிவுரைகள் தொடங்குமுன்னரே, “உயர்ந்ததையே எடு” என்கின்றனர் மூத்தோரும் விற்போரும். தாயின் காப்பு அடகு போகின்றது. 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் இச்சுமை இன்னும் பெரிது.

இதனை அறிவுரை என்பதா? முப்பரிமாண வரைபு செய்யும் கட்டடக்கலை மாணவருக்குத் தனி வரைவியற் செயலி பயன்படலாம். வரலாறோ பொருளியலோ பயில்வோருக்கு அது வெறும் வீண்செலவு. சிக்கனம் கூடாத இடம் வேறு. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படுவதால், 8 கிகாபைற்றுடன் வாங்கியதைப் பின்னர் 16 ஆக்க இயலாது. சேமிப்பகத்தையோ பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இவ்வேறுபாட்டைப் புதுமுக மாணவருக்கு எடுத்துரைப்பவர் யார்?

பாடத்திற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவை அனுமதிக் கடிதத்துடனேயே துறைகள் அறிவிக்கட்டும். கணினிக்கூடங்கள் இரவிலும் திறந்திருக்கட்டும். வாங்க வழியற்றவர் பின்தங்குவாராயின், இலவசக் கல்வி என்ற பெயர் நமக்கு எதற்கு?