மூடிய உறைக்குள் மின்சார ஒப்பந்தங்கள்



பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஐம்பது வெள்ளிப் பற்றுச்சீட்டு ஒன்று காணாமற்போனால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்து கணக்குக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஆனால், அதே தந்தை மாதந்தோறும் கட்டும் மின்கட்டணத்துக்கு அடிப்படையான கொள்முதல் ஒப்பந்தங்கள் அவர் கண்ணில் பட்டதேயில்லை.

1992 செப்டம்பர் 29-ஆம் நாள் தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியது. அந்த அச்சத்தின் சூட்டோடு தனியார் மின் உற்பத்தியாளர்கள் அழைக்கப்பட்டனர். புதிய மின் நிலையங்கள் தேவைப்பட்டன என்பதை நான் மறுக்கவில்லை. அவை வாங்கப்பட்ட விதத்தைத்தான் எதிர்க்கிறேன். 1993-ஆம் ஆண்டு தொடங்கிக் கையெழுத்தான முதல் தலைமுறை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை 21 ஆண்டுக்கானவை. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கே தெனாகா நேஷனல் பணம் தரவேண்டும். நூறு மாணவருக்கு மூன்று பேருந்துகள் போதுமென்றிருக்க, ஐந்து பேருந்துகளை அமர்த்தி, நின்றுகொண்டிருக்கும் பேருந்துக்கும் இருபத்தோராண்டு வாடகை தருவது போன்றது இது. 2000-களின் நடுப்பகுதியில் உச்சத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 40 விழுக்காடு உபரித் திறன் இருந்தது. அத்தனைக்கும் வாடகை ஓடியது.

அன்று தெனாகாவின் தலைவராக இருந்தவர் டான்ஸ்ரீ அனி அரோப். விலையும் காலமும் மேலிடத்தில் முன்பே தீர்மானிக்கப்பட்டன என்றும், தாம் கையெழுத்திட மறுத்ததாகவும் அவர் 2006-இல் நாளிதழ் நேர்காணலில் கூறினார். வாங்குபவரே விலை பேச முடியாத வாணிகம்! 1996-இல் அவர் பதவியிலிருந்து விலகினார்.

இத்தகைய பேரங்களைக் கண்காணிக்க வேண்டிய எரிசக்தி ஆணையம் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2002-இல்தான் பணியைத் தொடங்கியது. மாடு ஓடிய பிறகு தொழுவம் கட்டிய கதை. அப்போதாவது பழைய தாள்கள் பொதுமக்கள் முன் விரிக்கப்பட்டனவா? இல்லை.

வெளிப்படையாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2016 முதல் பெரிய சூரிய மின் நிலையங்களை அதே ஆணையம் போட்டி ஏலத்தில் வழங்கியது. ஏல விலைகளை வெளியிட்டது. சுற்றுக்குச் சுற்று விலை இறங்கியது. மூன்றாம் சுற்றில் மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 18 சென்னுக்கும் கீழே வந்தது. மறுபுறம், நேரடிப் பேச்சில் வழங்கப்பட்ட நான்கு மின் நிலையத் திட்டங்களை ரத்து செய்வதாக 2018-இல் அமைச்சர் இயோ பீ யின் அறிவிக்க நேர்ந்தது.

ஒப்பந்தங்களை வெளியிட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவர் என்பார்கள். பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கும் 1990-களின் மின்வெட்டுகளுக்கு நடுவே இதுபோன்ற ஒப்பந்தங்கள் அவசர அவசரமாகச் செய்யப்பட்டன. 2001-இல் சட்டம் இயற்றி, 35 ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். இன்று அங்கே மின் கொள்முதல் ஒப்பந்தம் ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைக்கு வருகிறது. பொதுமக்களும் அங்கே கருத்துரைக்கலாம். மின் நிலையம் கட்டுவோர் அந்நாட்டை விட்டு ஓடிவிடவில்லை.

உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2025 ஜூலை முதல் கொள்ளளவுக் கட்டணம் தனி வரியாகவே அச்சிடப்படுகிறது. இல்லப் பயனீட்டாளருக்கு யூனிட்டுக்கு 4.55 சென் என அறிமுகமானது. அந்த எண்ணின் பின்னால் உள்ள தாள்களைத்தான் கேட்கிறேன். ஜொகூரில் பெருகும் தரவு மையங்களுக்காக மின்தேவை ஏறுகிறது. புதிய எரிவாயு நிலையங்களுக்கான ஒப்பந்தங்கள் பேசப்படுகின்றன. அவற்றின் விலை, காலம், கொள்ளளவுத் தொகை ஆகியவற்றைக் கையெழுத்துக்கு முன்பே ஆணையம் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்கட்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை பள்ளி விழாவுக்கு வரும்போது, மாலை அணிவித்த கையோடு இதையும் கேளுங்கள்.