பனிக்காலச் சிகரமும் படச்சுருளும்

தென்பெண்ணையாற்றின் வண்டல் படிந்து, நெல்லும் கரும்புமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமாகவே விரிந்து கிடக்கும் எங்கள் குருவிநத்தத்தில், பாகூர் ஏரியின் கரைதான் பெரிய மேடு. அதனாலேயே போலும், மலையின் மீதும், அதிலும் கடல் சூழ்ந்த தீவொன்றின் நடுவே செங்குத்தாக எழும்பி நிற்கும் மலையின் மீதும் எனக்குள்ள மோகம் இளம் பிராயம் முதல் இன்றளவும் தணியாமல் இருந்து வருகிறது. படச்சுருள் காமிராவின் மீதுள்ள பற்றும் அதனோடு சேர்ந்துகொண்டபடியால், குளிர்காலத்தில் மலையேறிப் படமெடுத்தவர்களைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

தீவின் மலை என்றால் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது இலங்கையின் சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரமுள்ள அது அத்தீவின் மிக உயர்ந்த சிகரமன்று; அந்தப் பெருமை 2,524 மீட்டர் உயர்ந்த பீதுருதலாகலைக்கு உரியது. ஆயினும் சூழவுள்ள மலைகளினின்றும் விலகிக் கூம்பாகத் தனித்து நிற்கும் அதன் கம்பீரம் மற்றதற்கு இல்லை. உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபிரானுடையது என்றும், பௌத்தர் புத்தபிரானுடையது என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவருள் பலரும் ஆதாமுடையது என்றும் கொண்டு, ஒரே பாதையில் ஒருவர் தோளை ஒருவர் உரச ஏறிச் சென்று தரிசிக்கிறார்கள். 1344-ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொரோக்கோ தேசத்து யாத்திரிகர் இலங்கையில் கரையிறங்கியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணரையும், உணவுச் சுமை தூக்கும் ஆட்களையும் கொடுத்து அம்மலைக்கு அனுப்பிவைத்த செய்தி அவருடைய பிரயாண நூலிலேயே இருக்கிறது. பாறையில் பிணைக்கப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதையும் அவர் வர்ணித்திருக்கிறார்.

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடிவது யாத்திரைக் காலம். நல்லதண்ணி என்ற தமிழ்ப் பெயருடைய மலையடிவாரத்திலிருந்து, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே புகுந்து செல்லும் ஏறத்தாழ 5,500 படிகளை இரவெல்லாம் ஏறி, சூரியோதயத்துக்கு முன் உச்சியை அடைவது வழக்கம். அங்கே பனிக்கட்டி இல்லை. ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியில் நிற்பவன் மீது தை மாதத்து விடியற்காற்று வீசும்போது, சமவெளியில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களின் விரல்கள் மரத்துப் போகின்றன. அந்த விரல்களால் காமிராவின் முதுகைத் திறந்து, சுருளின் நுனியைப் பல்சக்கரத்தில் மாட்டி, காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்து நின்று மூடுவது எவ்வளவு கடினமான காரியம் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

சூரியன் கிளம்பும்போது அத்தனை பேரும் கிழக்கு நோக்கிக் கைகூப்புகிறார்கள். படமெடுக்க வந்தவனோ மேற்கே திரும்ப வேண்டும். ஏனெனில் அந்தத் திசையில்தான், கீழே கிடக்கும் மூடுபனியின் மீது மலையின் நிழல் குற்றமற்ற முக்கோணமாக விழுந்து, சிறிது நேரமே நின்று, சூரியன் ஏற ஏறக் குறுகி மறைகிறது. இது இம்மலைக்கு மட்டும் வாய்த்த அதிசயமன்று. மிக நீண்ட நிழலை அதன் நீளப் போக்கிலேயே பார்க்கிறவனுக்கு, ரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதாகத் தோன்றுவது போல, நிழலின் இரு விளிம்புகளும் குவிந்து தெரிவதனால், எந்த வடிவமுள்ள மலையின் நிழலும் உச்சியிலிருந்து முக்கோணமாகவே காணப்படும். காரணம் தெரிந்ததனால் தரிசனத்தின் மகிமை எள்ளளவும் குறைந்துவிடவில்லை. முப்பத்தாறு படங்களுக்குமேல் கொள்ளாத ஒரு சுருளில் எஞ்சியிருக்கும் சிலவற்றை எப்பொழுது செலவிடுவது என்று நிதானித்துக் காத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களைப் போல் ஒருமுகப்பட்ட மனநிலை எனக்கு வேறெங்கும் சித்தித்ததில்லை.

வெண்பனியும் வெண்மேகமும் ஒளிமானியை ஏமாற்றிவிடும். எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கருதியே அக்கருவி அளவு சொல்லுகிறபடியால், அது காட்டுவதற்கு மேல் ஒன்றோ இரண்டோ ஸ்டாப் கூடுதலாக ஒளி விட்டால்தான் பனி வெண்மையாகப் பதியும். மெய்யான பனிமலைகளில் இன்னும் பல சங்கடங்கள் உண்டு: கடுங்குளிரில் சுருள் முறுகி ஒடியும், வறண்ட காற்றில் அதை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் தோன்றிக் கிளைவிட்ட கோடுகள் படத்தில் பதியும், ஷட்டரின் எண்ணெய் இறுகிவிடும், குளிரிலிருந்து காமிராவை வெப்பமான அறைக்குள் சட்டென்று கொண்டுவந்தால் கண்ணாடியெல்லாம் நீர் பூத்துவிடும்.

சுருளே பிறவாத காலத்தில் பட்ட சிரமமோ சொல்லி முடியாது. 1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், 1866-இல் இமயத்தின் மணிராங் கணவாயில் ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டிய முறை அது. ஆகவே கூடாரம், தகடுகள், ரசாயனப் புட்டிகள் அனைத்தும் கூலிகளின் முதுகில் ஏறியே சென்றன. சுமையைப் போட்டுவிட்டு அவர்கள் ஓடியதையும், தாம் அவர்களை அடித்து வேலை வாங்கியதையும் போர்ன் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். அவருடைய படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூலிகளின் பெயர்கள் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணமில்லாமல் அவற்றை என்னால் பார்க்க முடிவதில்லை.

தீவின் மலைகளுக்கே மறுபடியும் திரும்புவோமானால், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கூலின் மலைகள் 1,000 மீட்டரைக்கூட எட்டாதவை என்றாலும், திசைகாட்டியின் முள்ளையே பிறழச் செய்யும் காந்தத் தன்மை வாய்ந்த கரும்பாறையாலானவை. கெஸ்விக் நகரத்து ஆபிரகாம் சகோதரர்கள் கனத்த காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் மலைகளின் மேல் சுமந்து சென்று படமெடுத்தவர்கள். அவர்களுள் ஆஷ்லி ஆபிரகாம் 1908-இல் ஸ்கைத் தீவின் பாறையேற்றம் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். குளிர்காலத்தில் பகல் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்த வடபுலத்தில், கரும்பாறையையும் வெண்பனியையும் ஒரே படத்தில் இரண்டும் கெடாமல் பிடிப்பது சாமானியமான வித்தையன்று.

இவை எல்லாவற்றையும் பார்த்த பின்னும், மலையேற்றத்தைப் படமாக்கியவற்றுள் தலைசிறந்தது எதுவென்று கேட்டால், பனிச் சிகரம் ஒன்றையும் காட்டாத ஒரு திரைப்படத்தையே நான் சொல்வேன். அது பேசில் ரைட் 1934-இல் இலங்கையில் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’. தேயிலைப் பிரசாரச் சபையார் நான்கு சிறு பிரயாணப் படங்களை விரும்பித் தொடங்கிய காரியம், ஜான் கிரியர்சனின் மேற்பார்வையில், நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாக உருப்பெற்று, 1935-இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை, இலங்கையின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான லயனல் வெண்ட் தம் குரலில் படிக்கிறார்.

படத்தின் முதற்பகுதி சிவனொளிபாதமலை யாத்திரை. சிகரத்தின் உயரத்தைக் காட்டிப் பிரமிக்க வைக்க ரைட் முயலவில்லை. முதியவர்களின் மெதுவான கால்களையும், வழியில் அமர்ந்து இளைப்பாறுவோரின் முகங்களையும் பொறுமையோடு தொடர்கிறார். ஏறுகிறவர்களின் மூச்சிலிருந்தே மலையின் உயரம் நமக்குப் புலனாகிறது. பிறகு மணியோசை எழ, பறவை சிறகு விரித்துப் பறக்க, அந்த நாதம் மலையையும் நீரையும் கடந்து பரவுவதாகக் காட்சிகள் தொடர்கின்றன. எத்தனை முறை ஏறியிருக்கிறாரோ அத்தனை முறை மணியை அடிப்பது அந்த உச்சியில் யாத்திரிகரின் சம்பிரதாயம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒலி இன்னும் ஆழமாகக் கேட்கும்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தேயிலைப் பணத்தில் பிறந்த அப்படத்தின் மூன்றாம் பகுதியில் வாணிபத்தின் குரல்கள் ஒலிக்கின்றன. விலை நிலவரங்கள் ஒலிக்கின்றன. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் குரல் மட்டும் ஒலிக்கவில்லை. நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்று, காட்டை அழித்துத் தோட்டமாக்கி, லயன்களில் வாழ்ந்து மடிந்த அந்த ஜனங்களின் மத்தியினூடேதான் நல்லதண்ணிப் பாதை செல்கிறது. மலையகத்தின் எழிலை நாடிப் படமெடுக்கச் செல்லும் நம் இளைஞர்கள் அந்த முகங்களை மலைக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு எடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

படச்சுருளுக்கும் மலைக்கும் நம் நாட்டிலேயே ஓர் உறவு இருந்தது. தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடி உதகமண்டலத்தில் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் ஸ்தாபிக்கப்பட்டு, பிரான்ஸ் தேசத்து போஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ‘இந்து’ என்ற பெயருடைய அதன் கறுப்பு-வெள்ளைச் சுருள்களில் எத்தனை கல்யாணங்களும் க்ஷேத்திர யாத்திரைகளும் பதிந்திருக்கும்! இன்று அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

சுருள் போயினும் நெகடிவ்கள் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. எங்கள் பாகூர் கொம்யூனிலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்துத் திரும்பியவர்களின் குடும்பங்கள் உள்ளன. இலங்கைக்கு யாத்திரை போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளில் அந்நிய மலைகளும் குளிர்கால உடுப்பணிந்த நம்மவர் முகங்களும் இருக்கக் கூடும். கடற்காற்றின் ஈரத்தில் நெகடிவ் பூஞ்சணம் பிடித்துவிடும் ஆதலால், அவற்றைப் பிளாஸ்டிக் பைகளினின்றும் எடுத்துக் காகித உறைகளில் தனித்தனியாக வையுங்கள். காடி நாற்றம் வீசுபவை சிதையத் தொடங்கியவை. அவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல், தாமதமின்றிப் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இன்றே கேட்டு, படத்திலிருப்பவர்களின் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.