ஸங்கீதமும் பாஷா துவேஷமும்

வீட்டில் ஒரு பாஷையும் வீதியில் ஒரு பாஷையும் பேசுகிறவர்களைத் தமிழர் என்று கொள்ளலாமா என்னும் கேள்வி அடிக்கடி கிளப்பப்பட்டு வருகிறது. மேடைப் பிரசங்கிகள் இதற்குத் தீர்ப்புக் கூறுமுன், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதையடுத்த இராஜபாளையத்துக்கும் ஒரு முறை போய் வருவது நலம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அவதரித்த ஊர். அவள் அருளிய திருப்பாவை முப்பது பாட்டும் தமிழ். ஆயினும் அவள் சரித்திரத்தை 'ஆமுக்தமால்யதை' என்ற பெருங்காவியமாகத் தெலுங்கில் இயற்றியவர், 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர். வாள் கொண்டு தெற்கே வந்த ராஜ்யம் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பாட்டுக்குத் தலை வணங்கிற்று.

வடக்கேயிருந்து வந்து குடியேறியோரின் சந்ததியாரே இராஜபாளையத்து ராஜுக்கள். அவர்கள் வீட்டு பாஷை தெலுங்கு. தேசத் தொண்டில் அவர்கள் யாருக்கும் இளைத்தவரல்லர். அவ்வூர் பி. எஸ். குமாரசாமி ராஜா 1949-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார்; தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். அவரை அந்நியர் என்று சொல்ல எந்த நாவுக்குத் துணிவு வரும்?

எதிர்க்கட்சியின் நியாயத்தை நாம் மறைக்கவில்லை. தமிழ் நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்டது வாஸ்தவம். அதைக் கண்டித்து 1941-இல் அண்ணாமலை ஸர்வகலாசாலையில் வலுப்பெற்ற இயக்கம், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருக்கொண்டது முற்றிலும் நியாயமே. ஆனால், தமிழுக்கு முதலிடம் கேட்பது வேறு. காவிரிக் கரையில் வாழ்ந்து மறைந்த தியாகராஜரை அயலார் என்பது வேறு. முன்னது அபிமானம், பின்னது துவேஷம். தியாகராஜ கிருதிகளைப் பாடிப் புகழ்பெற்ற அரியக்குடி ராமாநுஜ ஐயங்காரே திருப்பாவைக்கு ராகம் அமைத்துப் பரப்பினார் என்பதை மறக்கலாகாது.

உண்மையான அபாயம் நமது அசிரத்தையில் இருக்கிறது. பாசுரங்களைத் தாளமிட்டுப் பாடி அபிநயிக்கும் அரையர் ஸேவை இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய சில ஸ்தலங்களில் மட்டுமே நிலைத்திருக்கிறது. பரம்பரையாக ஒரு சில குடும்பத்தாரே அதைக் காத்து வருகின்றனர். அந்தத் தமிழ்ச் செல்வத்தைப் போஷிக்க வேண்டாமென்று எந்தத் தெலுங்கர் தடுத்தார்? அவ்வாறே, இராஜபாளையத்துப் பாட்டிமாரின் தெலுங்குத் தாலாட்டும் கல்யாணப் பாட்டும் எழுத்தில் ஏறாவிட்டால் அவர்களோடே போய்விடும். அந்த நஷ்டமும் தமிழ் நாட்டின் நஷ்டமே.

அரையர் குடும்பத்து இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதும், இரண்டு ஊர்களின் பாட்டுக்களையும் ஒலிப்பதிவு செய்து ஸ்வரப்படுத்தி அச்சிடுவதும் சர்க்காரின் கடமை. தேவஸ்தானமும் நகரசபைகளும் இதில் கைகோக்க வேண்டும். ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிக்க வருகிறவனிடம் வீட்டில் என்ன பாஷை பேசுகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. மேடையில் தமிழ் முழக்கம் செய்வோரும் அந்தக் கேள்வியை விடுத்து, இந்தக் கைங்கரியத்துக்கு முதல் நிதி அளிக்க முன்வருவார்களாக.