கைப்பேசி நல்லதுதான், ஆனால் வாங்கலாமா?

கடந்த பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில், என் பெரியப்பா மகன் தாம் பயன்படுத்தி முடித்த கைப்பேசி ஒன்றை என்னிடம் நீட்டினார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பின்லாந்து சென்றிருந்தபோது வாங்கியது. “ஒரு மாதம் இதை மட்டும் வைத்துச் சமாளித்துக் காட்டு, பார்ப்போம்,” என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிப்பவன் நான். “இதென்ன பெரிய காரியம் அண்ணா?” என்று வாங்கிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் தோற்றுப்போனேன். ஆனால், நான் தோற்றதற்குக் கைப்பேசியின் தரம் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அது சோனி எக்ஸ்பீரியா 10 மார்க் 3. 2021ல் வெளிவந்த நடுத்தர விலைக் கைப்பேசி. 6 அங்குல ஓஎல்இடி திரை, 6 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பிடம், 4,500 எம்ஏஎச் மின்கலம். எடை 169 கிராம்தான். ஹெட்ஃபோன் செருகும் துளைகூட உண்டு. ஒரு மாணவருக்கு இது தாராளம். புதுமை உள்ளேதான் இருந்தது. ஆண்ட்ராய்டை நீக்கிவிட்டு, ‘செயில்ஃபிஷ்’ என்ற இயங்குதளத்தை அண்ணன் அதில் நிறுவியிருந்தார்.

அதன் கதை சுவையானது. 2011 பிப்ரவரியில் நோக்கியா, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. இன்டெலுடன் சேர்ந்து அது உருவாக்கி வந்த ‘மீகோ’ இயங்குதளம் ஓரங்கட்டப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய சிலர் அதே ஆண்டு ‘யோல்லா’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். லினக்ஸ் அடிப்படையிலான செயில்ஃபிஷ் அவர்களுடைய படைப்பு. அதில் இயங்கும் முதல் கைப்பேசி 2013 நவம்பரில் பின்லாந்தில் விற்பனைக்கு வந்தது.

பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குப் பிடித்தவை பல. திரையின் ஓரத்திலிருந்து விரலை நகர்த்தினால் செயலியை விட்டு வெளியே வரலாம். திரையைக் கீழே இழுத்தால் பட்டியல் இறங்கும். வேண்டிய வரி வந்ததும் விரலை எடுத்தால் போதும். எம்ஆர்டி ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையால் எல்லாவற்றையும் செய்துவிடலாம். கூகல் கணக்கு தொடங்கச் சொல்லி அது கேட்பதில்லை. வகுப்பில் கற்ற லினக்ஸ் கட்டளைகளைக் கைப்பேசியிலேயே தட்டிப் பார்த்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, சிக்கல் எங்கே? கட்டணப் பதிப்பில் ஆண்ட்ராய்டு செயலிகளையும் இயக்கலாம். வாட்ஸ்அப் நன்றாகவே வேலை செய்தது. ஆனால், கூகலின் சேவைகள் அதில் உடன்வருவதில்லை. சில செயலிகளோ, ‘இந்தக் கருவி கூகல் சான்றளித்ததுதானா’ என்று சரிபார்த்த பிறகே திறக்கும். என் வங்கியின் செயலி அப்படிப்பட்டது. ‘உங்கள் கருவி பாதுகாப்பானதன்று’ என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

வங்கிச் செயலி இல்லையென்றால் பேநவ் இல்லை. திட்டப்பணிக்காக சிம் லிம் டவரில் 62 வெள்ளிக்கு மின்னணுப் பாகங்கள் வாங்கினோம். நால்வர் பங்கிட்டபோது நான் மட்டும் 15 வெள்ளி 50 காசைப் பணமாக எண்ணிக் கொடுத்தேன். நண்பர்கள் கேலி செய்தார்கள், பரவாயில்லை. ஆனால், பத்தொன்பதாம் நாள் ஒரு பயிலரங்கிற்குப் பதிவு செய்ய மாலை 6 மணிக்குள் பேநவ் வழியாக மட்டுமே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பழைய கைப்பேசி வீட்டில். நான் வீடு திரும்பியபோது மணி ஏழு. இடம் போய்விட்டது.

வங்கிகளைக் குறைகூறுவது எளிது. மோசடிகளால் பலர் சேமிப்பை இழப்பதைப் பார்க்கிறோம். மின்னிலக்க டோக்கன் வைத்திருப்போர் கணக்கினுள் நுழைய, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை மறைச்சொல்லைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்தன. காரணம் நியாயமானது. ஆனால், அந்த டோக்கன் செயலிக்குள் இருக்கிறது. செயலி இரு பெருநிறுவனங்களின் இயங்குதளங்களை நம்பி இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில், எந்தக் கைப்பேசி வாங்கலாம் என்பதும் நமக்காக முடிவு செய்யப்பட்டுவிடுகிறது.

இது என்னைப்போல் கருவிகளை நோண்டிப் பார்ப்பவர்களின் பிரச்சினை மட்டுமன்று. அக்காவின் பழைய கைப்பேசியை வைத்திருக்கும் தம்பிக்கும், ஐந்தாறு ஆண்டுகளாக ஒரே கைப்பேசியை வைத்திருக்கும் பாட்டிக்கும், ‘உங்கள் இயங்குதளம் பழையது’ என்று செயலி ஒருநாள் கைவிரிக்கும். கருவி நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் புதிது வாங்கியாக வேண்டும்.

மனம் இருந்தால் மாற்றுவழி உண்டு. அமெரிக்கத் தடையால் 2019க்குப் பிறகு ஹுவாவெய்யின் புதிய கைப்பேசிகளில் கூகல் சேவைகள் இல்லாமல் போயின. ஆனாலும், சிங்பாஸ் செயலி அந்நிறுவனத்தின் ஆப்கேலரியிலும் கிடைக்கிறது. 2024 ஜனவரியில் பழைய பயண அட்டை முறை கைவிடப்படவிருந்தபோது, கட்டண வாயிலிலேயே மீதத்தொகையைப் பார்க்க வேண்டும் என்று பயணிகள் குரல் கொடுத்தார்கள். அரசாங்கம் முடிவை மாற்றி, கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கி அம்முறையைத் தொடர்ந்தது. கேட்டதால் கிடைத்தது. இணைய உலாவி வழியாகவும் முழுச் சேவை, செயலி இல்லாதவர்களுக்குத் தனி டோக்கன் கருவி ஆகியவற்றை நாமும் கேட்கலாம். நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் மாணவர் மன்றங்கள், ‘பேநவ் மட்டும்’ என்று எழுதும் முன் ஒரு கணம் யோசிக்கலாம்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். கருவி என்ற அளவில் அதற்குப் பத்துக்கு ஏழு தருவேன். இங்கு ஒரே கைப்பேசியாக வைத்துக்கொள்ள மூன்றுதான். இப்படி அதிகம் அறியப்படாத ஒன்றை வாங்க நினைப்பவர்கள், கேமராவைப் பார்க்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: உங்கள் வங்கிச் செயலி திறக்கிறதா, கல்விக்கூடத்தின் செயலி திறக்கிறதா, 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செல்கிறதா. இங்கு 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டதால் கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

அண்ணனிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். கைப்பேசியை மட்டும் திருப்பித் தரவில்லை. தேர்வுக்குப் படிக்கும்போது அதுதான் என் மேசைமேல் இருக்கிறது.