அளந்து இடம் விடுவோம்!



பைத்தானில் ஒரே படத்துக்குள் நாலு கிராஃப் வரையச் சொன்னால் என்ன ஆகிறது? மேல் கிராஃபின் அச்சுப் பெயர் கீழ் கிராஃபின் தலைப்பு மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வோல்ட்டா, மில்லிவோல்ட்டா என்றே தெரியவில்லை. அலகு தெரியாத கிராஃப் யாருக்கு உதவும்?

உடனே நாம் செய்வது என்ன? சீனியர் ரெக்கார்டைப் புரட்டி, அவர் போட்ட இடைவெளி எண்ணை அப்படியே போடுவது! அது அவர் படத்துக்குப் பொருந்திய எண். நம் தலைப்பின் நீளம் வேறு, எழுத்தின் அளவு வேறு. அப்புறம் எப்படிச் சரியா வரும்?

ஜான் ஹண்டர் 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப்பில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிராஃப்களுக்கு நடுவே கிடைப்பது ஒரு கிராஃபின் அகலத்தில், உயரத்தில் 0.2 பங்குதான். எழுத்து எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. 2011-இல் 'டைட் லேஅவுட்' வந்தது. அது எழுத்துகளை அளந்து இடம் ஒதுக்கும். ஆனால் கூப்பிடும்போது ஒரு தடவைதான். ஆகவே தலைப்பு, அச்சுப் பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகே அதைக் கூப்பிட வேண்டும். 2018-இல் வந்த 'கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்' படம் வரையும் ஒவ்வொரு தடவையும் அளக்கும். கலர் பாருக்கும் இடம் விடும். இதைப் படத்தைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாம் மெஷினே செஞ்சுட்டா நமக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பன்னிரண்டு கிராஃபைச் சின்னப் படத்தில் திணித்தால் எந்த மெஷினாலும் இடம் உண்டாக்க முடியாது. எத்தனை கிராஃப், எவ்வளவு பெரிய படம், எவ்வளவு நீளத் தலைப்பு என்று முடிவு செய்வது நாம்தான்!

என் அப்பா தையல்காரர். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. ஆனாலும் ஒருத்தருக்கு எடுத்த அளவில் இன்னொருத்தருக்குச் சட்டை வெட்ட மாட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான். வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லாமல், பார்த்து எழுதியே பழகிவிட்டோம். நமக்குத்தான் காரணம் தெரிந்து படிப்பது மிக மிக அவசியம் என்பது என் தாழ்மையான கருத்து.

நாளை ஒரு தொழிற்சாலையில் நாம் வரைந்த கிராஃபை நம்பி ஒருவர் வால்வைத் திருகப் போகிறார். அவருக்கு அந்த அலகு தெளிவாகத் தெரிய வேண்டாமா?

சிந்திப்போம் தோழர்களே! பார்த்து எழுதுவதை விடுவோம்... புரிந்து எழுதுவோம்!