கிருமிகளும் கூடி வாழ்கின்றன

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று பள்ளியிலும் வீட்டிலும் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இப்பாடத்தை நம்மைவிட நன்றாகக் கற்றிருப்பவை நோய்க் கிருமிகளே என்பதை இவ்வாண்டு அறிந்து வியந்தோம். வியப்போடு நின்றுவிடாமல், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் கருத்தையும் எழுதத் துணிந்தோம்.

ஆரணியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒற்றை இழையை விரலால் அறுத்துவிடலாம். அதே இழைகள் பாவும் ஊடையுமாகத் தறியில் சேர்ந்து புடவையான பின் அறுக்க முடியுமா? பாக்டீரியாக்களும் அவ்வாறே. தனியே நீந்தும் பாக்டீரியாவை மருந்து எளிதில் கொல்லும். ஆனால் ஈரமான ஓரிடம் கிடைத்தால் அது ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. இரசாயனப் பொருள்களை வெளியிட்டு அண்டையிலுள்ளவற்றுக்குச் செய்தி அனுப்புகிறது. பின்னர் யாவும் சேர்ந்து கொழகொழப்பான ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. இதுவே உயிர்ப்படலம்.

இதை முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர். ஒரு துணி வியாபாரி! ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையால் 1683-ஆம் ஆண்டில் தம் பல் அழுக்கைப் பார்த்தார். அதில் சிற்றுயிர்கள் நெளிந்தன. காடியால் வாய் கொப்பளித்துவிட்டு மீண்டும் பார்த்தார். அப்போதும் அவை உயிரோடு இருந்தன. சுரண்டி எடுத்த அழுக்கில் காடியைக் கலந்தபோதோ உடனே மடிந்தன. காடி மேலிருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே புகவில்லை என்று அவர் எழுதினார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1978-இல், கனடாவில் பணியாற்றிய காஸ்டர்ட்டனும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரையே, பாக்டீரியாக்கள் இவ்வாறு ஒட்டி வாழ்வதை உலகறியச் செய்தது.

நாட்பட்ட புண்கள் ஆறாமல் இருப்பதற்கு இப்படலம் ஒரு முக்கிய காரணம். மருந்து உள்ளே செல்லத் தாமதமாகிறது. அடியிலுள்ள கிருமிகள் உணவு குறைந்து உறங்குவன போல் கிடக்கின்றன. வளரும் கிருமிகளையே தாக்கும் மருந்துகள் பல இவற்றை விட்டுவிடுகின்றன. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களாலும் அவற்றை விழுங்க முடிவதில்லை. மருந்து நின்றதும் அவை விழித்துக்கொள்கின்றன.

எங்களில் ஒருத்தியின் தாத்தா நெசவாளர். சர்க்கரை நோய் உள்ளவர். அவர் காலில் புண் வந்தது. மாத்திரை தின்றார், மேலே உலர்ந்தது, நிறுத்தினார். மீதி மாத்திரைகளை, “அடுத்த முறைக்கு ஆகும்” என்று டப்பாவில் எடுத்து வைத்தவள் எங்கள் தோழியே. அடுத்த முறையும் வந்தது. அதற்கடுத்த முறையும் வந்தது. முடிவில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. “மேலே ஆறியதைப் பார்த்தீர்கள், அடியில் ஆறவில்லை” என்றார் மருத்துவர். இதை எழுதும்படி எங்களை வற்புறுத்தியவளும் அத்தோழியே.

படிப்பில்லாதவர்கள் இப்படித்தான் என்று சிலர் சொல்லக்கூடும். நாங்கள் அதை ஏற்கவில்லை. தாத்தா அறியாமையால் மட்டும் நிறுத்தவில்லை. கட்டு மாற்றப் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே மருந்து கொடுப்பவர்கள், “மேலே உலர்ந்தாலும் அடியில் கிருமி இருக்கும், நாங்கள் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்” என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதும் மருந்துக்கு ஈடான வைத்தியம் என்பதை வீட்டார் உணர வேண்டும். மாத்திரை வேளையையும் கட்டு மாற்றும் நாளையும் நினைவூட்டுவது படிக்கின்ற பிள்ளைகளாகிய நம் கடமை.

தண்ணீரிலும் இதே கதைதான். 1992-ஆம் ஆண்டு இறுதியில், அப்போது மதராஸ் எனப்பட்ட சென்னையில், ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி தோன்றி வங்கதேசம் வரை பரவியது. காலராக் கிருமிகள் குளம், ஆறுகளில் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் மேல் கூட்டமாக ஒட்டி வாழ்கின்றன. வங்கதேசத்தின் கிராமங்கள் பலவற்றில் பழஞ்சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் செய்தனர். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் வெளியிட்டனர். பட்டு வேண்டாம்; துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலையே இதற்கு ஏற்றது! காய்ச்சிக் குடிப்பதே சிறந்தது. அதற்கு வழியில்லாதபோது இது உதவும்.

குடத்தை வெறுமனே அலசினால் உட்புறத்து வழுவழுப்பு போகாது. கைவிட்டுத் தேய்க்க வேண்டும். வாய் கொப்பளித்தால் போதாது. பல் துலக்க வேண்டும். மருந்தும் வேண்டும், தேய்க்கும் கையும் வேண்டும் என்பதே எங்கள் தாழ்மையான கருத்து.

கிருமிகள் கூடி நம்மைக் கெடுக்கின்றன. நாமும் வீட்டில் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடி அவற்றை வெல்வோம். எங்கள் தோழியின் வீட்டில் அந்த மாத்திரை டப்பா இப்போது காலியாக இருக்கிறது. தாத்தாவின் கட்டு மாற்றும் நாள்களை அவள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.