கேட்டவன் யார் என்பதா கேள்வி?

வூஹான் ஆய்வுகூடத்திலிருந்து கொரோனா வைரசு வெளியேறியிருக்குமோ என்று 2020ஆம் ஆண்டில் ஒருவர் வாய்திறந்தால், "இது டிரம்பின் பாட்டு" என்று கூறி அவரை அடக்கிவிடுவது நம் முற்போக்கு வட்டாரங்களில் வழக்கமாயிற்று. "சீன வைரசு" என்று அவர் நாமஞ் சூட்டியது இனத்துவேஷம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கேட்டவன் கெட்டவன் என்பதனால் கேள்வியும் பொய்யாகிவிடுமா?

வைரசு ஆய்வுகூடத்தைவிட்டு வெளியேறுவது கட்டுக்கதையன்று. 2003இல் உலகை உலுக்கிய சார்ஸ் நோய் அடங்கியபின், 2004இல் பீக்கிங் ஆய்வுகூடமொன்றில் பணிபுரிந்தோரை மீண்டும் தொற்றிற்று. அவர்களுள் ஒருத்தியின் தாய் மாண்டாள். 1977இல் தலைகாட்டிய இன்புளுவென்சா வைரசோ, 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலவியதனோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக மாற்றமின்றி அது எங்கே உறங்கிற்று? குளிரூட்டியிலன்றி வேறெங்கே!

வூஹானிலும் அவ்வாறே நடந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. ஹுவானான் சந்தையைச் சுட்டும் சான்றுகள் வலுவானவை. 2019 டிசம்பரில் நோயுற்றோர் பலர் அச்சந்தையோடு தொடர்புடையோர். அங்கு எடுத்த மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுப்பொருளும் வைரசின் தடயமும் ஒருங்கே காணப்பட்டன. காட்டுவிலங்கு வாணிபத்தின் இலாபவெறியே கொள்ளைநோயை ஈன்றது என்பது நமக்கு உவப்பான விடை. உவப்பானது என்பதனாலேயே அது நிரூபணமாகிவிடாது. சார்ஸ் வைரசு 2003இலேயே சந்தைப் புனுகுப்பூனைகளில் அகப்பட்டது. இம்முறை தொற்றுண்ட விலங்கு ஒன்றேனும் அகப்படவில்லை.

அம்மாதிரிகளின் தரவுகளைச் சீன ஆய்வாளர் சர்வதேசக் களஞ்சியமொன்றில் இட்டிருந்தனர். 2023இல் பிறநாட்டு விஞ்ஞானிகள் அவற்றைக் கண்ணுற்றதும் அவை மறைந்தன. 2025 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, கிடைத்த சான்று விலங்கின் பக்கமே சாய்கிறது என்கிறது. ஆனால், ஆரம்ப நோயாளரின் நூற்றுக்கணக்கான மரபணுத் தொடர்களையும், ஆய்வுகூடத்தின் பாதுகாப்பு விபரங்களையும் சீனா தராமையால், மற்றைய விளக்கத்தை ஆராயவோ விலக்கவோ இயலவில்லை என்றும் கூறுகிறது.

வாஷிங்டனின் கரங்கள் தூயனவா? வூஹானில் நடந்த வௌவால் வைரசு ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் பணம் நியூயோர்க் அமைப்பொன்றின் வழியாகச் சென்றது. ஆய்வுகூடச் சந்தேகத்தைச் சதிக்கதையெனக் கண்டித்து 2020 பெப்ரவரியில் லான்செற் சஞ்சிகையில் வந்த கடிதத்துக்குக் கையொப்பந் திரட்டியவர் அவ்வமைப்பின் தலைவரே. 2021இல் வூஹானுக்குச் சென்ற விசாரணைக் குழுவிலும் அவர் அமர்ந்திருந்தார்! இதனைப் பற்றியும் நாம் பேசினோமில்லை. பேசினால் ஆய்வுகூடத்தைப் பற்றியும் பேசவேண்டி வந்திருக்கும்.

சீன அரசின் மௌனத்துக்குக் காவல் நிற்பதை ஏகாதிபத்திய எதிர்ப்பென்று எண்ணும் நண்பர்கள், லீ வென்லியாங் என்ற வூஹான் வைத்தியரை நினைவுகூரட்டும். 2019 டிசம்பர் 30இல் அவர் சக வைத்தியரை எச்சரித்தார். நான்கு நாட்களுள் பொலிசார் அவரை அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். 2020 பெப்ரவரியில் அந்நோயே அவரைக் கொன்றது. அவர் டிரம்பின் ஆளல்லர். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அங்கத்தவர்.